சத்தமில்லாமல் இறங்கிய போட்

அத்தியாயம் 5

போட்டை விட்டுட்டு ட்ரெய்லரை மட்டும் அடிச்சுக்கொண்டு போன கள்ளனை நான் என்ட ஆயுசுல கண்டதில்ல.

“சுபைறா, இவன் கள்ளனா, இல்லாட்டித் தலை சுகமில்லாதவனா?” எண்டு கேட்டன். “தங்கச் சங்கிலிய விட்டுட்டு அது இருந்த பெட்டியக் கொண்டு போயிருக்கான்!”

“வாயை மூடிக்கொண்டு டோர்ச்சை இஞ்சால பிடிங்க,” எண்டாள் அவள், போட்டுக்கு அடியில குந்திக்கொண்டு.

சனிக்கிழமை காலம்பற. சாய்ந்தமருதுக் கடற்கரையில இருந்து ரெண்டு தெரு உள்ளுக்கு, ஸமட் ஹாஜியார்ர வளவு. வளவு நடுவுல அவர்ர புது பைபர் போட், சீமெந்துப் பிளாக்கல்லுகளுக்கு மேல ஆடாம அசையாம நிக்கிது. நேத்து ஜும்ஆத் தொழுகைக்கு முன்னுக்கு அது ரெண்டு சில்லு ட்ரெய்லர் ஒண்டுக்கு மேல நிண்டது. ஹாஜியார் தொழுதுட்டு வரக்குள்ள போட் கல்லுக்கு மேல. ட்ரெய்லரைக் காணல்ல.

சுபைறா என்ட பொஞ்சாதி. முந்தி ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில பொய்க் கிளெய்ம் பிடிக்கிற வேலை செஞ்சவள். இப்ப வீட்டில இருந்துகொண்டு ஊருக்குத் துப்பறியிறாள். நான் றிபாத், ஓட்டோ ஓட்டுறன். அவளுக்கு மூளை, எனக்கு மூணு சில்லு. அப்படித்தான் எங்கட குடும்பம் ஓடுது.

எங்களைக் கூப்பிட்டது ஹாஜியார் இல்ல, அவர்ர மகள் றுமைஸா. விடியச் சுபஹு தொழுத கையோட போன் எடுத்து ஒரே அழுகை.

“ராத்தா, நாளைக்கு எனக்கு நிக்காஹ். வாப்பா என்னடா எண்டா மாப்பிள்ளைதான் ட்ரெய்லரைக் களவெடுத்தவர் எண்டு நிக்கிறார். இண்டைக்குப் பின்னேரம் அஸருக்கு முன்னுக்கு உண்மை தெரியாட்டி நிக்காஹ் இல்லையாம். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல ராத்தா. அவரைத் தவிர ஆரையும் நான் முடிக்க மாட்டன்.”

அதுக்குப் பிறகு நான் பிளேன்டீ கூடக் குடிக்காம ஓட்டோவை எடுத்திட்டன். வீடு முழுக்க நாளைக்குரிய சமையலுக்கு வெங்காயம் உரிக்கிற மணம். வெறும் வயித்தோட அந்த மணத்துக்குள்ள நிக்கிறது எவ்வளவு பெரிய சோதனை எண்டு எனக்குத்தான் தெரியும்.

ஸமட் ஹாஜியார் எங்களைச் சுத்திச் சுத்தி நடந்தார். அறுபது கடந்த மனிசன், கடலுக்குப் போறதைத் தவிர வேற ஒண்டும் தெரியாது. போன வருஷம் கொழும்புல நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செஞ்சவர்.

“மகள், இந்த ட்ரெய்லர் என்ட உயிர் மாதிரி,” எண்டார் சுபைறாட்ட. “கடல் கரையைத் திண்டு போட்டுது. முந்தி மாதிரி போட்டை அங்க விட ஏலா, வளவுக்குள்ளதான் வைக்கணும். இறக்கிறதுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் தேவை. கூப்பிட்டா ஒருத்தனும் வாறானில்ல. ‘ஹாஜியார், நீங்க ரெஸ்ட் எடுங்க’ எண்டு பல்லைக் காட்டுறான்கள். ட்ரெய்லர் இருந்தா எனக்கு ஒருத்தனும் தேவையில்ல. ட்ரக்டர்ல கொழுவினா போட் நேரா தண்ணிக்க. கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள் தனியாப் போறதெண்டு இருந்தன்.”

“தனியாவா?” எண்டாள் சுபைறா.

“ஏன், எனக்கு என்ன குறை?”

நான் அவர்ர நெஞ்சைப் பாத்தன். சட்டைப் பொத்தானுக்கு மேலால அந்தத் தையல் தழும்பு எட்டிப் பாத்துது. டோர்ச்சை வேற பக்கம் திருப்பினன். எனக்கும் சில நேரம் புத்தி வேலை செய்யும்.

“மாப்பிள்ளை அப்ராஸ்ல எதுக்கு சந்தேகம்?” எண்டாள் சுபைறா.

“எதுக்கா? நேத்து ஊரில உள்ள ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிக்க. குத்பாப் பேச்சு முடியிற நேரம் ஒருத்தன் மட்டும் மூச்சு வாங்க வாங்க வந்து கடைசி ஸஃப்பு வரிசையில நிக்கிறான். ஆரு? என்ட மருமகனா வரப்போறவர்! வெள்ளை ஜுப்பா கையில கிறீஸ். ‘எங்க தம்பி போன?’ எண்டு கேட்டன். தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறான். வீட்ட வந்து பாத்துட்டுத் திரும்பவும் பள்ளி வாசலுக்குப் போய் ‘என்ட ட்ரெய்லரைத் தொட்டியா?’ எண்டு கேட்டன். அதுக்கும் வாய் திறக்கல்ல. நல்லவன் எண்டா ‘இல்ல’ எண்டு சொல்லுவான்தானே?”

நியாயமான கேள்வி. அப்ராஸ் மற்றவங்கட போட்டில தொழிலுக்குப் போற பொடியன். அமைதியான ஆள். ஆனா கிறீஸும் பிந்தின ஜும்ஆவும் மௌனமும் ஒண்டாச் சேந்தா எந்த மாமாவுக்கும் நெருப்பு ஏறும்.

அந்த நேரம் மதிலுக்கு மேலால ஒரு தலை தெரிஞ்சுது. பக்கத்து வீட்டு ஹாஜறா. தெருவில பூனை குட்டி போட்டாலும் முதல்ல தெரியிற ஆள்.

“இது மனிசர் செஞ்ச வேலை இல்ல ராத்தா,” எண்டாங்க கண்ணை உருட்டிக்கொண்டு. “ஜின்!”

“பாத்தீங்களா?” எண்டாள் சுபைறா.

“பாக்கல்ல, கேட்டன். ஜும்ஆ நேரம், குசினிக்க சமைச்சுக்கொண்டு இருந்தன். முதல்ல தடாரெண்டு ஒரு சத்தம். மறுகா டொக். கொஞ்ச நேரம் கழிச்சு டொக் டொக். திரும்ப டொக். இவ்வளவுதான். மனிசர் போட் இறக்கினா தெருவே அதிருமே, தூக்குடா, பிடிடா, விட்டுடாத எண்டு. ஒரு பேச்சுக் குரல் இல்ல. ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு கதவைப் பூட்டிட்டன்.”

“ஜின் எண்டா ட்ரெய்லரைக் கொண்டு போய் என்ன செய்யப் போகுது?” எண்டன் நான். “அதுக்கு வாகன வரிப் பத்திரமும் எடுக்கணுமே, பாவம்.”

சுபைறா சிரிக்கல்ல. அவள்ர கண்ணு ரெண்டும் சின்னதாகிப் போச்சுது. அது அவளுக்கு ஏதோ பிடிபட்ட அடையாளம்.

“ஹாஜியார், இப்படி ஒரு போட்டை எத்தினை பேர் தூக்கணும்?”

“தூக்கிறதெண்டா பத்துப் பேராவது.”

“தூக்காம இறக்கிறதெண்டா?”

ஹாஜியார் திருதிருவெண்டு முழிச்சார். பிறகு முகத்தில ஒரு பெருமை வந்துது. போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். வெள்ளைக்காரன் ஒருத்தன் ஒரு ஜெக்கும் கொஞ்சம் கட்டையும் வச்சுக்கொண்டு தனிய போட்டை இறக்கிறான். ட்ரெய்லர்ர மூக்கை நிலத்தில அமத்த, போட்டுட பின்பக்கம் மேல எழும்புது. பின்பக்கத்துக்குக் கீழ கட்டையை அடுக்கிறான். மறுகா மூக்கை ஜெக் போட்டு உசத்த, ட்ரெய்லர்ர பின்பக்கம் கீழ போகுது, போட் கட்டையில தங்குது. பிறகு முன்பக்க அணியத்துக்குக் கீழ கட்டை. கொஞ்சம் கொஞ்சமா ட்ரெய்லரை உருவி வெளிய எடுக்கிறான்.

“இதைப் பாத்துத்தான் நான் ட்ரெய்லரே வாங்கின,” எண்டார். “வந்தவன் போனவன் எல்லாருக்கும் காட்டினன். வீட்டிலயும் காட்டினன். அவங்க சிரிச்சாங்க.”

“அப்ப ஆள்பலம் தேவையில்ல. பொறுமைதான் தேவை,” எண்டு சுபைறா திரும்பவும் போட்டுக்கு அடியில பூந்தாள். “இஞ்சருங்க, இதைப் பாருங்க. பின்பக்கத்துக் கல்லு எப்படி இருக்கு?”

“கல்லு மாதிரித்தான் இருக்கு.”

“ஓட்டைப் பக்கம் சரிச்சு அடுக்கியிருக்கு. பாரம் தெரிஞ்சவன் இப்படி வைக்க மாட்டான். அதான் ஒரு கல்லு வெடிச்சிருக்கு, பாருங்க. ஹாஜறா ராத்தா கேட்ட ‘தடார்’ இதுதான். ஆனா பக்கத்திலயே ஒரு தென்னங்குத்தி அவசரமா முட்டுக் குடுத்திருக்கு. இப்ப முன்பக்கம் வாங்க. இஞ்ச கல்லு ஓட்டை மேல பாக்க நேரா நிக்கிது. அதுக்கு மேல பலகை. கீழ மண்ணை இறுக்கி மட்டம் பாத்திருக்கு. இதுல இருந்து என்ன விளங்குது?”

“கள்ளன் நடுவுல பாடம் படிச்சிருக்கான்.”

“ரெண்டு பேர்! முதல்ல ஒருத்தர் தனியத் தொடங்கியிருக்கார், போட் தெரியாத ஆள். கல்லு வெடிச்சிருக்கு. அந்த நேரம் போட் தெரிஞ்ச இன்னொருத்தர் ஓடிவந்து பிடிச்சிருக்கார்.”

கல்லுக்கும் போட்டுக்கும் நடுவுல ஏதோ துணி மடிச்சு வச்சிருந்தது. சுபைறா ஒரு மூலையை இழுத்தாள். இடுப்பில கட்டுற மருதமுனைச் சாரன். நாலா மடிச்சு, அயன் போட்ட மடிப்புக் கூடக் கலையல்ல.

“இது என்ட சாரன்!” எண்டார் ஹாஜியார். “பழசு. அலுமாரிக்க இருந்த.”

“அல்லாஹ்வே!” எண்டன். “கள்ளன் அலுமாரி வரைக்கும் போயிருக்கான்! மற்றச் சாமான்களைப் பாருங்க ஹாஜியார்!”

சுபைறா என்னைப் பாத்தாள். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். ‘இந்த மனிசனை என்ன செய்யிற’ எண்ட பார்வை.

குசினிக் கதவு கொஞ்சமா திறந்துது. ஹாஜியார்ர பொஞ்சாதி சுல்பிகா மாமி, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, ஆளைக் காட்டாம தேத்தண்ணித் தட்டை மட்டும் வெளிய நீட்டினாங்க. நான் பாஞ்சு போய் வாங்கினன். தட்டில பிஸ்கட்டும் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். நான் பிஸ்கட்டைப் பாத்தன். சுபைறா தட்டை நீட்டின கையைப் பாத்தாள். விரல்ல ஒரு புதுப் பிளாஸ்டர்.

தேத்தண்ணியக் குடிச்சுக்கொண்டே அவள் தெருக் கேட்டடிக்குப் போனாள். கேட்டுக்கு உள்பக்கம் வாடகைக் கதிரைகள் மலைமலையா அடுக்கிக் கிடந்துது.

“இது எப்ப வந்த?”

“வெள்ளிக்கிழமை காலையில,” எண்டாள் றுமைஸா, வாசல்ல நிண்டுகொண்டு. கண் ரெண்டும் வீங்கியிருந்தது. “இன்னும் ஒருத்தரும் எடுக்கல்ல ராத்தா.”

கதிரைகளுக்கு நடுவால நான் ஒரு மாதிரி வயித்தை எக்கிக்கொண்டு வெளிய போய்ப் பாத்தன். திரும்பி வரக்குள்ள ஒரு கதிரைக் கால் சாரனைப் பிடிச்சு இழுத்துது.

“ஆள் போகலாம்,” எண்டன். “ட்ரெய்லர் போகாது. நான் போறதே சந்தேகம்.”

“அப்ப ட்ரெய்லர் வெளியவே போகல்ல.”

“நான் வளவு முழுக்கப் பாத்திட்டன்!” எண்டு ஹாஜியார் கத்தினார். “கிணத்துக்குள்ளயும் பாத்திட்டன்!”

“பிளாக்கல்லு எங்க இருந்து எடுத்த ஹாஜியார்?”

“பின் மதில் கட்ட ஏத்தி வச்ச கல்லு. அந்தா.”

மதிலோரம் கிடந்த கல்லுக் குவியல்ல பெரிய பள்ளம். சுபைறா பள்ளத்தைப் பாத்தாள், போட்டுக்குக் கீழ இருக்கிற கல்லைப் பாத்தாள், திரும்பவும் பள்ளத்தைப் பாத்தாள்.

“போட்டுக்கு இவ்வளவு கல்லு போகல்ல. மிச்சக் கல்லு எங்க?”

அதுதான் கேள்வி. ட்ரெய்லரைத் தேடி எல்லாரும் களைச்சுப் போயிருக்கக்குள்ள, இவள் கல்லைத் தேடினாள். கல்லுக்குக் கால் இல்ல, ஆனா தூள் இருக்கு. குவியல்ல இருந்து சாம்பல் நிறச் சீமெந்துத் தூள், கலியாணத்துக்கு நேத்து பரப்பின புது மணலுக்கு மேல சிந்திச் சிந்தி ஒரு கோடு போட்டிருந்தது. நாங்க அதைப் பிடிச்சுக்கொண்டு போனம். குசினிப் பக்கமாப் போய், வாழை மரத்தைச் சுத்தி, கடைசியில ஒரு பெரிய திரைச்சீலைக்குக் கீழால உள்ளுக்கப் போச்சுது.

பெண்கள் பக்கம்! கலியாணத்துக்குப் போட்ட கூடாரம். வியாழக்கிழமையில இருந்து வெளியூர்ப் பொம்பிளைகள் அதுக்குள்ளதான் படுக்கை, இருக்கை, சிரிப்பு எல்லாம். எந்த ஆம்பிளையும் அந்தத் திரையைத் தாண்ட மாட்டான். வீட்டுக்காரர் ஹாஜியாரே தாண்ட மாட்டார்.

“நான் இஞ்ச நிக்கன்,” எண்டன்.

“நல்ல புத்தி,” எண்டுட்டு அவள் உள்ளுக்கப் போனாள்.

உள்ளுக்கப் போனவள் போனவள்தான். பொம்பிளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டுது. ஒருக்காத் திடீரெண்டு எல்லாச் சத்தமும் நிண்டுது. மறுகா அவள் வெளிய வந்தாள். முகத்தில ஒரு சிரிப்பு, கண்ணுல தண்ணி மாதிரி ஒண்டு. ட்ரெய்லர் கிடைச்சுதா எண்டு கேட்டன். நேரா ஓட்டோவில ஏறிக் குந்தினாள்.

“கடற்கரைக்கு விடுங்க. அப்ராஸைப் பாக்கணும்.”

போற வழியில திடீரெண்டு கேட்டாள்.

“இஞ்சருங்க, என்ட உம்மா உங்களோட நேரா எப்பயாவது கதைச்சிருக்காங்களா?”

நல்ல கேள்வி கேட்டாள். எங்கட பக்கம் வீடு பொண்ணுக்கு. மாப்பிள்ளைதான் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பொண்ணு வீட்டில குடியிருக்கிற. ஆனா பழைய குடும்பங்கள்ல மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் பாத்துக் கதைக்க மாட்டாங்க. கூச்சம், மரியாதை. இப்ப வட்ஸ்அப்புல குரல் அனுப்புற மாமிமாரும் இருக்காங்க, இல்லையெண்டு சொல்லல்ல. என்ட மாமி அந்த ரகம் இல்ல.

“எங்க கதைச்ச? நான் சாப்பாட்டுக்கு வரக்குள்ள உன்ட உம்மா பூனையோட கதைப்பாங்க. ‘பூனை, சோறு ஆறுது. பூனை, மீன் ஆணத்துக்கு இண்டைக்குப் புளி கூட.’ நானும் பூனைக்குத்தான் பதில் சொல்லுவன். அந்தப் பூனை மவுத்தான அண்டைக்கு எங்க ரெண்டு பேருக்கும் தொடர்பே அறுந்து போச்சுது.”

“சுல்பிகா மாமி எப்படி?”

“அவங்க என்ட மாமிக்கு மேல. நிச்சயம் பண்ணின நாள்ல இருந்து அப்ராஸ் தெருவில வந்தாலே கதவுக்குப் பின்னால போயிருவாங்களாம்.”

சொல்லி முடிக்கக்குள்ள எனக்கே ஏதோ சுருக்கெண்டு தைச்சுது. ஓட்டோவை ஓரமா நிப்பாட்டினன்.

“புள்ள... நீ என்ன சொல்ல வாற?”

“நான் ஒண்டும் சொல்லல்ல. ஓட்டுங்க.”

அப்ராஸ் ஒரு போட்டு நிழல்ல தனியக் குந்திக்கொண்டு கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தான். நாளைக்கு மாப்பிள்ளையாகிற முகம் இல்ல அது. எங்களைக் கண்டதும் எழும்பினான்.

“ராத்தா, நான் களவெடுக்கல்ல. அதுக்கு மேல ஒண்டும் கேட்காதீங்க.”

“நான் களவைப் பத்திக் கேட்க வரல்ல தம்பி,” எண்டாள் சுபைறா. “ஒரு தட்டுத் தட்டினா என்ன அர்த்தம், ரெண்டு தட்டுத் தட்டினா என்ன அர்த்தம்? அதை மட்டும் சொல்லுங்க.”

அவன்ட கையில இருந்த வலை ஊசி மணலுக்க விழுந்துது.

“ஒரு போட்டை ரெண்டு பேர் சேந்து இறக்கிறாங்க,” எண்டாள் அவள். “ஒருத்தர் ட்ரெய்லர் மூக்கில, ஜெக்கோட. மற்றவர் பின்னுக்குக் கல்லோட. நடுவுல போட் மறைக்கிது. ஒருத்தரை ஒருத்தர் காணேலா. கதைக்காம அந்த வேலையைச் செய்ய முடியுமா? உலகத்தில ஆரு போட் இறக்கக்குள்ள வாயை மூடிக்கொண்டு இருப்பாங்க? கதைக்கவே கூடாத ரெண்டு பேர்தான். எங்கட ஊரில அப்படி ரெண்டு பேர் எண்டா...”

“மாமியும் மருமகனும்!” எண்டு நான் கத்திட்டன். பக்கத்தில நிண்ட காகம் எல்லாம் பறந்துது.

அப்ராஸ் குனிஞ்சு வலை ஊசியை எடுத்தான். “பள்ளிக்குப் போற வழியில தடாரெண்டு கேட்டுது ராத்தா. மதிலால எட்டிப் பாத்தா, போட் சரியப் போகுது, மாமி கையைக் குடுத்துத் தாங்கிக்கொண்டு நிக்கிறாங்க. விரல்ல ரத்தம். மதிலால பாஞ்சு பிடிச்சன். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்து மூடினாங்களே தவிர, போட்டை விடல்ல. மறுகா ட்ரெய்லர் கம்பியில ஒரு தட்டுத் தட்டினாங்க. தூக்கச் சொல்றாங்க எண்டு விளங்கிச்சு. ரெண்டு தட்டினாங்க. நிப்பாட்டினன்.”

“ஏன் செஞ்சாங்க எண்டு தெரியுமா?”

“தெரியாம? மாமா தனியக் கடலுக்குப் போனா என்ன நடக்கும் எண்டு இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும். அதானே நாங்க ஒருத்தரும் அவர்ர போட்டுக்குத் தோள் குடுக்கிற இல்ல.”

“பிறகு ஏன் வாயை மூடிக்கொண்டு கள்ளன் பட்டம் வாங்கின?”

“வாக்குக் குடுத்திட்டன்.”

“கதைக்காத ஆளுக்கு எப்படிடா வாக்குக் குடுத்த?” எண்டன் நான்.

“போகக்குள்ள மாமி வாயில விரலை வச்சாங்க. நான் தலையாட்டினன்.” அவன்ட குரல் உடைஞ்சுது. “றுமைஸா இல்லாட்டி எனக்கு என்ன இருக்கு றிபாத் காக்கா? ஆனா இதைச் சொன்னா மாமா அவங்களோட எப்படிக் கதைப்பார்? அந்த வீட்டில சண்டை மூட்டிட்டு நான் எப்படி மாப்பிள்ளையாப் போற?”

இவனையா கள்ளன் எண்ட? நான் அவனை இழுத்து ஓட்டோவில போட்டன். வலை அங்கேயே கிடந்துது.

அஸருக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கூடாரத் திரைக்கு வெளிய ஹாஜியார், அப்ராஸ், நான். திரைக்கு உள்ளுக்க சுல்பிகா மாமியும் றுமைஸாவும். சுபைறா நடுவுல.

“ஹாஜியார், நேத்து பின்னேரம் பொண்ணு குந்திற மேடைட படத்தை உங்களுக்குக் காட்டினாங்களா?”

“ஓம். மகள் போன்ல காட்டினாள். மாஷா அல்லாஹ், நல்ல உறுதியான மேடை. வாடகை மேடை வேணாம், நாங்களே செய்வம் எண்டு பொம்பிளைகள் செஞ்சது.”

“உறுதியாத்தான் இருக்கும். அதுக்கு ரெண்டு டயர் இருக்கு.”

ஹாஜியார்ர வாய் திறந்தபடியே நிண்டுது.

சுபைறா திரையைக் கொஞ்சமா விலக்கினாள். றோஸ் நிறச் சாட்டின் துணி, பிளாஸ்டிக் பூ, பலகைக்கு மேல விரிப்பு, ரெண்டு ராசாக் கதிரை. அவள் துணிட ஓரத்தைத் தூக்கினாள். கீழ, மட்டமாப் பிளாக்கல்லு அடுக்கி, ஆடாம நிக்கிது ஹாஜியார்ர ட்ரெய்லர்.

“வாப்பா!” எண்டு றுமைஸா அலறினாள். “நான் நேத்து இதுல ஏறிக் குந்திப் படமும் எடுத்த!”

எனக்குச் சிரிப்பு வந்துது. ஹாஜியார்ர முகத்தைப் பாத்து அதை அப்படியே விழுங்கிட்டன்.

“ஆரு செஞ்ச?” எண்டார், மெதுவா.

“நான்தான்,” எண்டு திரைக்குள்ள இருந்து சுல்பிகா மாமிட குரல் வந்துது. “வேற ஆரு செய்வாங்க? உங்கட நெஞ்சைப் பிளந்து தைச்ச அண்டைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் எப்படி நிண்டன் எண்டு உங்களுக்குத் தெரியுமா? தனியக் கடலுக்குப் போறன், தனியக் கடலுக்குப் போறன் எண்டு நாள் முழுக்கச் சொல்றீங்க. நீங்க போனா நான் எப்படி நித்திரை கொள்ற? போட்டில ஒரு கீறல் விழாமத்தான் இறக்கினன். உங்கட சாரனைத்தான் மடிச்சு வச்சன். ட்ரெய்லரை உள்ளுக்க தள்ள மட்டும் இந்தப் பொம்பிளைகளைச் சத்தமில்லாமக் கூப்பிட்டன், மகளுக்கும் சொல்லல்ல. கலியாணம் முடியச் சொல்றதெண்டு இருந்தன். அந்தப் பிள்ளையில பழி விழும் எண்டு நினைக்கல்ல. காலையில இருந்து சொல்லத்தான் பாக்கன், வீடு முழுக்க ஆக்கள், வாய் வரல்ல.”

ஹாஜியார் அங்க கிடந்த ஒரு கதிரையில குந்திட்டார். பிறகு அப்ராஸைப் பாத்தார்.

“உனக்கு இது தெரியுமா?”

அப்ராஸ் தலையைக் குனிஞ்சான்.

“தெரிஞ்சும் கள்ளன் எண்டு பேர் வாங்கிக்கொண்டு நிண்டியா? நிக்காஹ்வே போகும் எண்டு தெரிஞ்சும்?” அவர்ர கண் கலங்கிட்டுது. “தம்பி, என்னை மன்னிச்சுக்க. உன்னை மாதிரி ஒருத்தனை நான் பள்ளி வாசல்ல வச்சு அவமானப்படுத்திட்டன். நாளைக்கு அதே வாசல்ல வச்சு உன்ட கையைப் பிடிச்சு என்ட மகளைத் தருவன்.”

திரைக்குள்ள றுமைஸா அழுதாள். இந்த முறை வேற அழுகை.

“ஆனா ஒண்டு சொல்றன்,” எண்டார் ஹாஜியார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “கடல் இல்லாம நான் இந்த வீட்டுக்குள்ள குந்தியிருந்தா ஒப்பரேசன் செஞ்சும் பிரயோசனம் இல்ல. போட்டை இவனுக்குக் குடுக்கன். இவன் ஓட்டட்டும். நான் சும்மா கூடப் போறன். அதுக்காவது விடச் சொல்லு.”

திரைக்குள்ள இருந்து, ட்ரெய்லர் கம்பியில.

டொக். டொக்.

“என்ன அது?” எண்டார் ஹாஜியார்.

“ரெண்டு தட்டு, மாமா,” எண்டான் அப்ராஸ் தயங்கித் தயங்கி. “நிப்பாட்டு எண்டு அர்த்தம்.”

நான் இந்த முறை சிரிச்சே போட்டன். மதிலுக்கு அங்கால இருந்து ஹாஜறாட குரல் கேட்டுது: “அதே சத்தம்! அதே ஜின்!”

“லைஃப் ஜெக்கட் போடுவன்,” எண்டார் ஹாஜியார் திரையைப் பாத்து.

சத்தம் இல்ல.

“எஞ்சினைத் தொட மாட்டன்.”

சத்தம் இல்ல.

“கரை கண்ணுக்குத் தெரியிற தூரம் வரைக்கும்தான். கடல் அமைதியா இருக்கிற நாளைக்கு மட்டும். சுல்பிகா, அல்லாஹ்வுக்காக.”

பள்ளியில அஸர் பாங்கு தொடங்கிச்சுது. முடியிற வரைக்கும் எல்லாரும் அப்படியே நிண்டம். சுபைறா என்ட கையைப் பிடிச்சாள். நாலு பேருக்கு முன்னுக்கு அவள் என்ட கையைப் பிடிக்கிறதெண்டா சும்மா விசயம் இல்ல.

டொக்.

ஒரே ஒரு தட்டு. ஹாஜியார் பொடியன் மாதிரி கதிரையில இருந்து துள்ளி எழும்பினார்.

பிறகு திரை கொஞ்சம் அசைஞ்சுது. சுல்பிகா மாமி தொண்டையைச் செருமினாங்க. அது ஹாஜியாருக்கும் இல்ல, றுமைஸாவுக்கும் இல்ல, எந்தப் பூனைக்கும் இல்ல.

“மகன்,” எண்டாங்க. “அவரைக் கவனமாப் பாத்துக்கங்க.”

அப்ராஸ் கையை நீட்டி, கூடாரக் கம்பத்தில ஒரு தட்டுத் தட்டினான்.